ஐந்தில் நான்கு

கொய்யா, மேளம், நண்டு, தாழ்ப்பாள். நான்கு இருக்கிறது. ஐந்தாவதைக் காணவில்லை. சற்று முன்னால்தான், இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தப் பரிசோதனைக் குரலில் நானே வாசித்தேன். எதிரே இருக்கும் வடிவாம்பாள் அம்மா ஐந்தையும் திருப்பிச் சொன்னார், இன்னொரு முறையும் சொன்னார். "இந்தச் சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன்" என்று விதிப்படி சொல்லிவிட்டுத் திரையைத் தள்ளினேன். தள்ளினால் தள்ளியதுதான், டேப்லெட் பின்னால் போகாது; அவர் சொல்லி முடித்து நான் பொத்தானை அழுத்தும்வரை அந்தச் சொற்களை எனக்கும் காட்டாது. இப்போது இடைவேளை. இருபது நிமிடம் சொற்களே இல்லாத வேலைகள்: கட்டத்துக்குள் கட்டம் வரைவது, புள்ளிகளை இணைப்பது. அவர் விரலால் திரையில் ஒரு வீட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். நான் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதிரே இருப்பவரோடு சேர்ந்து நானும் பரீட்சை எழுதுவேன். ஐந்தையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்து, அப்பாடா, எனக்கு ஒன்றுமில்லை என்று மூச்சு விட்டுக்கொள்வேன். மறதி நோயை ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மட்டும் வருகிற நோய் இது. எங்கள் துறைத் தலைவர் திருமலையப்பன் சாரிடம் ஒருநாள் வெட்கத்தைவிட்டுச் சொன்னபோது, "முதல் வருஷம் எல்லாருக்கும் இருக்கும்மா, ரெண்டாவது வருஷம் சரியாயிரும்" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்தபடி, "எனக்குத்தான் இருபத்தாறு வருஷமா சரியாகல" என்றார். எனக்கு இது நான்காவது வருஷம். ஐந்தாவது சொல்லைக் காணவில்லை. பழமா, பிராணியா, வீட்டுச் சாமானா? பழம் கொய்யா, பிராணி நண்டு, சாமான் தாழ்ப்பாள். எல்லாம் வந்தாகிவிட்டதே, இன்னும் எந்த வகை மிச்சம்?

"ஏ புள்ள, இந்த வீட்டுக்கு ஜன்னல் ஒண்ணா ரெண்டா?" என்கிறார். "மேல இருக்கிறத அப்படியே பார்த்து வரைங்கம்மா" என்கிறேன். அதற்குமேல் சொல்லக் கூடாது. சரி என்றோ தப்பு என்றோ பிரமாதம் என்றோ சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. நாளைக்குக் காலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் பத்து நிமிடம் பேச வேண்டும், தொழிலையும் வாழ்க்கையையும் பற்றி அறிவுரையாம். "ஜெனிஷா, நீதான் அவங்களுக்கு வயசுல கிட்ட இருக்கே, என்னைப் பேசச் சொன்னா பழங்கதை பேசுவேன்" என்று சார் என் தலையில் கட்டிவிட்டார். என்ன சொல்வது? முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகுங்கள் என்றா? போன மாதம் இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் நடந்தது, வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மையார் பேசினார். அங்கே பனி போல. கழுத்துவரை மூடிய முரட்டு ஸ்வெட்டர், மடியில் பூனை. முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், வாரக் கடைசியில் வேலை பார்க்காதீர்கள், ஒருவரையே நம்பாமல் மூன்று வழிகாட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை, சமையல் மேடையில் போனைச் சாய்த்துவைத்து, மீன் கழுவிக்கொண்டே கேட்டேன். நல்ல அம்மா. சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஒருவரை உங்களுக்குப் பிடித்துப்போய், அவருக்குச் சொற்கள் வராமல் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, பூனை குறுக்கே வந்து படம் அணைந்துவிட்டது.

பயமாகத்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்று காலையிலிருந்து அவர் சரியில்லை. வந்ததும், தம்பி மகன் வீட்டுக் கேட்டில் பெயின்ட் அடித்த கதையைச் சொன்னார், பச்சை கேட்டான், நீலத்தை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று. நான் சிரித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "தம்பி மகன் வீட்டுல ஒரு கூத்து" என்று மறுபடி அதே கேட், அதே நீலம். நான் மறுபடி சிரித்தேன், அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவு புதுக் கட்டிடத்துக்கு மாறியதைப் போனில் சொல்லியிருந்தேன். அவர் நேரே பழைய கட்டிடத்துக்குப் போய் அங்கே காவலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். நானும்தான் முதல் வாரம் இரண்டு தரம் பழைய கட்டிடத்துக்கு ஸ்கூட்டியை ஓட்டினேன். அம்மா சொன்ன கதையையே நானும் நூறு தரம் கேட்டிருக்கிறேன், தூத்துக்குடியில் யார்தான் ஒரு கதையை ஒருமுறையோடு விடுகிறார்கள்? எல்லாரும் மறப்பதுதான். எல்லாரும் மறப்பதுதான் என்றுதான் எல்லாக் குடும்பமும் முதலில் இங்கே வந்து சொல்லும். மற்ற பகுதிகளில் மதிப்பெண் போன வருஷத்தைவிட இறங்கித்தான் இருக்கிறது. இந்த ஐந்து சொற்களில் நான்கு வந்துவிட்டால் கவலை இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். மூன்று என்றால் விதி தெளிவு: ஸ்கேன், நரம்பு மருத்துவர், எங்கள் ஆய்வில் நலமானவர்கள் பக்கம் இருக்கும் பெயர் நோயாளிகள் பக்கம் போகும். அந்தப் பக்கத்தில்தான் அவருடைய கணவர் சிதம்பரநாதன் ஐயாவின் பெயர் இருக்கிறது.

அவர்களை முதலில் பார்த்தது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐயா சட்டைப் பையில் பேனா செருகி, வகிடு எடுத்துச் சீவி, பேங்க் மேனேஜர் வேலைக்கு அன்றுதான் சேரப் போகிறவர் மாதிரி இருந்தார். நான் சொற்களைக் கேட்டதும் அவர் அசையாமல் என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார், பிறகு "பசு" என்றார். சரி. மறுபடியும் மேலே பார்த்து, "ஊஞ்சல்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவதுக்குத்தான் உறைத்தது. திரும்பினால், சுவரோரம் உட்கார்ந்திருந்த வடிவாம்பாள் அம்மா வாயைச் சத்தமில்லாமல் அகலத் திறந்து அடுத்த சொல்லை ஊதிக்கொண்டிருக்கிறார். வெளியே உட்காரச் சொன்னேன். "கட்டின புருஷனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கக் கூடாதா? இதென்ன ஊர்ல இல்லாத சட்டமா இருக்கு?" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அன்றைக்கு என்னைப் பற்றி மின்வாரியத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஒரு தாடகை இருக்கிறாள் என்று. அதற்கப்புறம் ஐயாவுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசித் தடவை வந்தபோது, நான் சொற்களைக் கேட்டேன். அவர் எழுந்து நின்று, கதவுக்கு வெளியே கைகாட்டி, "அந்த மேடம் ரொம்ப நேரமா காத்திருக்காங்க, அவங்களை முதல்ல பாத்து அனுப்புங்க" என்றார். அந்த மேடம் அவருடைய மனைவி என்று அவருக்குத் தெரியவில்லை. காத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்கு எங்கள் பரிசோதனையில் மதிப்பெண் கிடையாது. போன ஐப்பசியில் தவறிவிட்டார்.

இந்த அறையில் ஏன் இவ்வளவு குளிர்? புதுக் கட்டிடத்தில் ஏசிக்கு ரிமோட் வரவில்லை, சுவரில் ஒரு சுவிட்ச், போட்டால் ஊட்டி, அணைத்தால் சித்திரை மாதத்துத் திருநெல்வேலி. வடிவாம்பாள் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கொய்யா, மேளம், நண்டு, தாழ்ப்பாள். இதைப் போட்ட குழுவைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் சொற்கள் மாறும், இந்த வருஷத்துக்கானவை போன மாதம்தான் வந்தன, நான் இன்றுதான் முதல்முறையாக வாசித்தேன். எல்லாத் தமிழருக்கும் பொதுவான சொற்கள் என்று சென்னையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நண்டு எப்படிப் பொது என்று சார் கேட்டிருக்கிறார், நண்டை எல்லாருக்கும் தெரியுமே என்று பதில் வந்திருக்கிறது. தெரியும்தான். எனக்கு நண்டு எந்தக் காலத்திலும் மறக்காது, எங்கள் அப்பா கடலிலிருந்து வந்ததும் வாளியை அடுக்களையில் கவிழ்ப்பார், நாங்கள் கட்டில்மேல் ஏறிக் கத்துவோம். செத்த பிறகும் எனக்கு நண்டு ஞாபகம் இருக்கும். எனக்கு இல்லாதது அந்த இன்னொன்று. நாக்கு நுனியில் என்று சொல்வதுகூடப் பொய், நாக்குப் பக்கமே வரவில்லை. மேளத்துக்கு அடுத்ததா? மேளம், பிறகு ஒரு மூச்சு, பிறகு... பிறகு அவர் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அவரைக் கவனித்ததில் நான் வாசித்ததையே கவனிக்கவில்லையோ? அப்படித்தான் இருக்கும். தூக்கம் இல்லை, மதியம் சாப்பிடவில்லை, கவனம் சிதறியது, பதியவில்லை, அவ்வளவுதான். இங்கே வருகிறவர்களின் மகன்களும் மகள்களும் இதையேதான் சொல்கிறார்கள், இதே வரிசையில்.

நசீமா இருந்தால் சிரிப்பாள். நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே டிபன் பாக்ஸ், ஒரே புலம்பல். போன வருஷம் பெங்களூரில் ஒரு மருந்து கம்பெனிக்குப் போய்விட்டாள். "ஜெனி, நீ அவங்களை அம்மா ஆட்டுக்குட்டின்னு கூப்பிடுறதை நிறுத்து. நம்பரைச் சொல்லு, ஃபைலை மூடு, வீட்டுக்குப் போ. இல்லேன்னா ஒவ்வொருத்தருக்கா கருமாதி பண்ணிட்டே இருப்பே" என்பாள். கோபத்தில் இல்லை, அக்கறையில்தான். அவள் போனது சிதம்பரநாதன் ஐயா மாதிரி ஒருவரைப் பார்த்த அன்று. அறையைவிட்டு வெளியே வந்து, கைகழுவும் இடத்தில் நின்று, என்னால் முடியாது என்றாள், முடியவில்லை. அவள் கம்பெனியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று போன வாரமும் போன் செய்தாள். இவர் அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். முடியாது. புதுப் பிள்ளைகள் முன்னால் நாளைக்குப் போய் நின்று என்ன சொல்ல, நானும் மூட்டை கட்டுகிறேன் என்றா? இவர் இல்லை என்றால் என் ஆய்வே இல்லை, இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள், அவர்களோடு ஒப்பிட நலமாக இருப்பவர்கள் கிடைக்கவே இல்லை. நன்றாக இருக்கிறவர்கள் எதற்கு வருவார்கள்? வந்து, ஐந்து சொல் கேட்டு, நான்கு வந்து, ராத்திரியெல்லாம் ஐந்தாவதைத் தேடிக்கொண்டு படுத்துக் கிடப்பதற்கா? நலமானவர்கள் போதவில்லை, ஆய்வை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேசிவிட்டார்கள். சார் என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே நடைபாதையில் ஐயாவுக்காகக் காத்திருந்த வடிவாம்பாள் அம்மா அதைக் கேட்டிருக்கிறார். தாடகையிடம் வந்து, "ஒனக்கு எத்தனை பேர் வேணும்?" என்றார். அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய ஆட்கள். அவர் போகும் தேவார வகுப்பு முழுக்க, திருநீறும் குங்குமமுமாக, கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு. "எல்லாவளும் நல்லாத்தான் இருக்காளுவ. பயந்தா ஆகுமா, எங்க வீட்டு அவுகளுக்கு இவ ஒருத்திதான் பாக்கான்னு கூட்டியாந்தேன்" என்றார். முதல் ஆளாக அவரே உட்கார்ந்தார். ஐந்துக்கு ஐந்து சொன்னார். எனக்கு அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, விதிப்படி, "சரி, அடுத்த பகுதிக்குப் போகலாம்" என்றேன். என் பெயரில் வெளியான முதல் கட்டுரையின் முடிவில் நன்றி என்று ஒரு பகுதி உண்டு. நிதி தந்தவர்கள், கருவி தந்தவர்கள், ஆலோசனை தந்தவர்கள். கடைசியில், ஆய்வில் பங்கேற்றவர்களுக்கும் என்று ஒரு வரி. அந்த வரிக்குள்தான் அந்த வேன் மொத்தமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"வரைஞ்சாச்சு. கூரை கொஞ்சம் சரிஞ்சு போச்சு, மழைக்கு ஒழுவத்தான் செய்யும்" என்று டேப்லெட்டை என் பக்கம் தள்ளுகிறார். நேரம் ஆகிவிட்டது. திரையில் ஒலிவாங்கியின் படம் மட்டும் வருகிறது. நான் என் குரலைத் தட்டையாக்கிக்கொண்டு, "கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஐந்து சொற்கள் சொன்னேன். ஞாபகம் வருவதையெல்லாம் சொல்லுங்கள்" என்கிறேன். அவர் உடனே, "கொய்யா" என்கிறார். ஒன்று. "மேளம்." இரண்டு. மோவாயைத் தடவிக்கொள்கிறார், என் பின்னால் கதவைப் பார்க்கிறார். கதவைப் பார்க்கலாமா? பார்க்கலாம், அது எல்லாருக்கும்தான் இருக்கிறது. "தாழ்ப்பாள்." மூன்று. பிறகு ஒன்றுமில்லை. ஏசியின் இரைச்சல். அவர் மேசையைப் பார்க்கிறார், தன் கையைப் பார்க்கிறார். இன்னும் ஒன்று போதும் அம்மா, ஒன்றே ஒன்று. நண்டு. நண்டு. நண்டு. என் உதடுகள் லேசாகப் பிரிந்திருப்பது எனக்கே தெரிகிறது. அன்றைக்கு அவர் சுவரோரம் உட்கார்ந்து வாயைத் திறந்தாரே அதே மாதிரி. அவரைத் துரத்தியவள் நான். என் வலது கை விரல்கள் மேசைமேல் பரந்து, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஐயோ. கையைப் பிடுங்கி மடியில் வைத்து, வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன். இப்போது புரிகிறது, கட்டின புருஷனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்காமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று. இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், அந்தப் பார்வையில் முதன்முதலாக ஒரு பயத்தைப் பார்க்கிறேன், தன் வீட்டுக்காரர் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பார்வை எப்படி இருக்கும் என்று அவர் உள்ளேயிருந்து பார்த்துவிட்ட மாதிரி. தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார். "என்ன குளிரு இது" என்று முனகுகிறார். பிறகு, "கம்பளி" என்கிறார்.

கம்பளி. கம்பளி! மேளத்துக்கு அடுத்தது கம்பளிதான், ஒரு மூச்சு விட்டு நானேதான் வாசித்தேன். "நீ வாசிக்கும்போதே நெனச்சேன், இதுல ஒண்ணு இருந்தாப் போத்திக்கிடலாமேன்னு. அஞ்சாவது எங்கயோ ஓடிப் போச்சு, புள்ள, அது எங்க வீட்டு அடுப்புல ஏறுத சாமான் இல்ல போலுக்கு" என்கிறார். நான்கு. அவருக்கு நண்டு இல்லை, எனக்குக் கம்பளி இல்லை. நான் எடுத்துக் கொடுக்கத் துடித்தேனே, நான் கொடுத்திருந்தாலும் நண்டைத்தான் கொடுத்திருப்பேன். இதைக் கொடுத்தது அவர்தான், எனக்கும் சேர்த்து. குளிர் எடுத்துக் கொடுத்தது என்று சார் சொல்வாரோ? சொல்லட்டும், குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான், நானும் இதே குளிரில்தான் நடுங்கினேன், எனக்கு வரவில்லை. நான்கு என்றால் நான்கு. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று தெரியாது, நீல கேட்டை நான் மறக்கப் போவதில்லை, சாரிடம் அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த வருஷம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நசீமாவுக்கு ராத்திரி போன் போட்டு, நான் வரவில்லைடி என்று சொல்லிவிட வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு முதலில், இந்த அறைக்கு ஒரு கம்பளி வாங்கி வையுங்கள் என்று சொல்லலாம். முடியாது. கம்பளியை இங்கே வைத்தால் அடுத்து வருகிறவருக்கு அது விடையாகிவிடும். என்ன பிழைப்பு இது, குளிரில் நடுங்குகிறவருக்கு ஒரு போர்வை கொடுக்கக்கூட வழியில்லாத பிழைப்பு! சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது. மதிப்பெண்ணை அன்றே சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறேன், ஐந்து சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நிற்கின்றன, எங்கேயும் போகாதவை மாதிரி. கடைசியாக நான் வாசிக்க வேண்டிய வரி ஒன்று பாக்கி, எத்தனையோ நூறு பேருக்கு ஒரே மாதிரி வாசித்த வரி, அதை வாசிப்பதற்கு மட்டும் விதியில் இடம் இருக்கிறது. "இன்று வந்து பங்கேற்றதற்கு நன்றி" என்கிறேன். நன்றி என்கிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

வடிவாம்பாள் அம்மா என் முகத்தையே பார்த்தார். அவர் முகம் மாறியது. "எதுக்குப் புள்ள அழுத?" என்றார். பிறகு மெதுவாக, "நான் பெயிலா?" என்றார். எனக்குத் தலையாட்ட அனுமதியில்லை. நான் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். "இல்லம்மா, எனக்கும் குளிருது" என்றேன். அவர் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்து உதறி, "அதுக்கு ஏன் அழணும்? வா, வெளிய வெயில் நல்லா அடிக்கி, போயி ஒரு காப்பி குடிப்போம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.